சோளக்கொல்லை அதிகாரிக்குப் போட்ட கும்பிடு

காஜா பேராங், மலாக்கா.
சுபானு வருடம், ஆவணி மாதம், வியாழக்கிழமை, விடியற்காலை.
(ஜப்பான் கணக்கில் 2603 என்று போட வேண்டுமாம். போட்டுவிட்டேன்.)

சிரம்பானில் சகல சௌபாக்கியங்களோடும் வீற்றிருக்கும் மகாகனம் பொருந்திய அத்தான் தேவதாஸ் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் விநாயகம் இரு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் பிள்ளைகள் மூவரும் பரம சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் உங்களுக்கு முன்னால் வேறு யாராவது பிரித்துப் படிப்பார்கள், படித்தால் உங்களுக்கு மைத்துனன் இருக்க மாட்டான். சிரம்பானுக்குக் கருவாடு கொண்டுபோகும் நல்லையாவின் கூடையடியில் வைத்து அனுப்புகிறேன், வாசனையைப் பொறுத்துக்கொள்ளவும். அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது நான் சொல்லும் இடங்களைத் தாண்டிவிடவும்.

விஷயம் இதுதான். உங்கள் பிள்ளைகளை உடனே வந்து அழைத்துக்கொண்டு போங்கள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மூன்று பேரையும் இங்கே கொண்டுவந்து விட்டபோது நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "விநாயகம், பிள்ளைங்க சும்மா இருந்தா கெட்டுப் போயிடுங்க. வீட்டுக்குள்ள கொஞ்சம் விளையாட்டு, வெளியில கொஞ்சம் விளையாட்டு. ரெண்டுலயும் அறிவு வளரணும்" என்றீர்கள். நீங்கள் வாத்தியார். நான் அரிசிப் பங்கீட்டு ஆபீஸில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன், பிள்ளை வளர்ப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும். நீங்கள் சொன்னபடியே செய்தேன். அறிவு வளர்ந்துவிட்டது. அதுதான் இப்போது தொல்லை.

முதலில் வீட்டுக்குள் விளையாட என்று பல்லாங்குழிப் பலகையை எடுத்துக் கொடுத்தேன். சோழிக்கு எங்கே போவது, புளியங்கொட்டை கொடுத்தேன். ஜெயபாலன் இருக்கிறானே, ஜெயித்த கொட்டையை ஜெயித்தவரே வறுத்துத் தின்னலாம் என்று ஒரு சட்டம் போட்டான். அன்றிலிருந்து ஆட்டம் சூடு பிடித்துவிட்டது, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூட எழுந்து வரமாட்டார்கள். இப்போது பலகையில் குழி இருக்கிறது, கொட்டை இல்லை. அவனுக்கு வந்த வயிற்று வலி சரியாகிவிட்டது. (அக்காவுக்கு இந்தப் பத்தி வேண்டாம்.)

சரி, வெளியே விளையாடட்டும் என்று காற்றாடி கட்டச் சொன்னேன். பழைய பேப்பர் இருந்தது, மூங்கில் இருந்தது, பசைக்கு மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சிக் கொடுத்தேன். சின்னவள் விஜயா விரலால் தொட்டு நாக்கில் வைத்து, நன்றாக இருக்கிறது என்றாள். உப்புப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றாள் பெரியவள் கோகிலா. இந்தக் காலத்தில் கிழங்குக் கஞ்சிக்கும் கிழங்குப் பசைக்கும் என்ன வித்தியாசம் அத்தான், உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். மிச்சப் பசையில் ஒட்டிய காற்றாடி மேலே ஏறியதும் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமுமாகப் போய்விட்டது.

பிறகு கடற்கரை. பக்கத்துக் கம்போங் செட்டியில் நாகம்மை என்று ஓர் அம்மாள், கிழங்குப் பலகாரம் செய்து தலைத் தட்டில் வைத்துத் தெங்கேரா வரை விற்றுக்கொண்டு போவார். அந்த ஊர்ச் செட்டிகள் பெயரிலும் கோயிலிலும் நம்மவர்கள், பேச்சு மட்டும் மலாய். பிள்ளைகளை அவரோடு அனுப்பினால் கடலோரத்தில் மட்டி பொறுக்கிக்கொண்டு வருவார்கள், குழம்புக்கு ஆகும் என்று நினைத்தேன். மட்டி பொறுக்கப் போனவர்கள் ஊசி நூலோடு திரும்பினார்கள். கேட்டதற்கு, "அங்க ஒரு அக்கா தையல் சொல்லித் தர்றாங்க மாமா" என்றாள் கோகிலா. வாத்தியார் பிள்ளைகள் எங்கே போனாலும் எதையாவது கற்றுக்கொள்கிறார்கள் என்று நான் பெருமைப்பட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இதற்கு நடுவில் என் கல்யாணப் பேச்சு. முப்பத்தாறு வயதில் ஒருவன் தன் கல்யாணத்தைத் தானே பேச வேண்டியிருப்பதை நினைத்து அக்கா அழக் கூடாது. தெங்கேராவில் பொன்னுதுரை என்று ஒரு பெரிய மனிதர், யுத்தத்துக்கு முன்னால் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். அவருக்கு ஒரே பெண், சிவகாமசுந்தரி. நான் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் போன தைப்பூசத்தன்று கோயிலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அல்லது எனக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்துச் சிரித்தாள், அது இன்னும் தீரவில்லை. எப்படியோ, அன்றைக்கு வீட்டுக்கு வந்து தின்ற மரவள்ளிக்கிழங்கு எனக்கு இனித்தது. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பொன்னுதுரை ஐயாவிடம் ஒரு பிடிவாதம். குனிந்து கும்பிடுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார். ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் காவல் சிப்பாய் நிற்கிறான் அல்லவா, எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கி இடுப்பை மடக்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இவர் மட்டும் தமக்கு இடுப்பு வாதம் என்று சொல்லி, அந்தச் சிப்பாய் வந்த நாளிலிருந்து பாலத்தைத் தாண்டுவதே இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர் இருப்பதையே மறந்துவிட்டார். எனக்கு முன்னால் வந்த மாப்பிள்ளைகளை எட்ட ஒரு மரத்தடியில் நின்று கவனித்திருக்கிறார், அவர்கள் பாலத்தில் குனிந்ததைப் பார்த்துவிட்டு, "முதுகெலும்பு இல்லாதவனுக்கு எம் பொண்ணு எதுக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மலாக்காவில் குனியாத மாப்பிள்ளைக்கு எங்கே போவது? குனியாதவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

நான் தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போகிறேன். போகும்போது ஒரு கும்பிடு, வரும்போது ஒரு கும்பிடு. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு, மற்றவர்களை முறைக்கிற சிப்பாய் என்னைப் பார்த்துத் தலையசைப்பான். இதையெல்லாம் மறைத்து, எனக்கும் இடுப்பு வாதம், நானும் சுற்றுவழியில்தான் போகிறேன் என்று ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினேன். மனிதர் உருகிப் போய்விட்டார். புதன்கிழமை பத்து மணிக்கு வீடு பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

இப்போது பொம்மைக்கு வருகிறேன். எல்லாரும் தோட்டம் போட வேண்டும் என்று உத்தரவு வந்ததிலிருந்து வீட்டு முன்னால் ரோட்டோரமாகச் சோளம் போட்டிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள். கண் பட்டுவிடும் என்று பயந்து, ஒரு திருஷ்டிப் பொம்மை செய்யுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டும், பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டும், அவ்வளவுதான் நான் சொன்னது. ஓட்டைச் சட்டிக்குச் சுண்ணாம்பு அடித்துக் கரியால் மீசை எழுதினார்கள், என் பழைய காக்கிச் சட்டையை மாட்டினார்கள். நான் ஆபீஸுக்குப் பின்வாசல் வழியாகப் போகிறவன். திங்கட்கிழமை ஜன்னலில் இருந்து அதன் முதுகைப் பார்த்து, சபாஷ் என்று சொல்லிவிட்டேன்.

தொப்பியும் வாளும் செவ்வாய்க்கிழமை ஏறியிருக்கின்றன. அன்று நான் விருந்துக்கு ஒரு கோழி தேடிக் குருபோங் பக்கம் அலைந்துகொண்டிருந்தேன். தொப்பி என்றால் சும்மா தொப்பி இல்லை அத்தான், பின்கழுத்தில் துணி தொங்குமே, அதே ஜப்பான் பட்டாளத்துத் தொப்பி, கச்சிதமான தையல். இடுப்பில் தென்னை மட்டையைச் சீவி ஒரு வாள். சாதாரணச் சிப்பாய் வாள் வைத்திருக்க மாட்டான். ஆக, என் சோளக்கொல்லையில் ஒரு அதிகாரி நின்றார்.

முதலில் சிக்கியவர் நாகம்மை அம்மாள்தான். அவருக்குத் தமிழ் வராதே தவிர, இந்த ஒன்றரை வருஷத்தில் கும்பிடு நன்றாக வந்திருக்கிறது. தலைத் தட்டை இறக்கி வைத்து, இடுப்பை மடக்கி, "மிந்தா மாஃப் துவான்" என்று மலாயில் மன்னிப்பும் கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாராம். அவ்வளவுதான், இந்த மூன்று பேருக்கும் வெளி விளையாட்டு கிடைத்துவிட்டது. சோளத்துக்குள் ஒளிந்து உட்கார்ந்துகொண்டு யார் யார் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று பார்ப்பது. இது பயந்த கும்பிடு, இது அவசரக் கும்பிடு, இது சம்பளத்துக்குப் போட்ட கும்பிடு என்று தரம் பிரித்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் பொம்மையைக் கும்பிடாத ஆள் பாக்கி இல்லை, அத்தனை பேரும் அதை அதிகாரி என்று நினைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை வந்தது. கோழியை அடித்து வைத்து, ஒளித்து வைத்திருந்த நல்ல அரிசியை எடுத்து, குளித்து, விபூதி பூசி, ஜிப்பாவை மாட்டிக்கொண்டு பத்து மணிக்கு உட்கார்ந்தேன். ஆள் வரவில்லை. பதினொன்று ஆயிற்று, வரவில்லை. பெண் கிடைக்காது என்று முடிவு செய்து, ஜிப்பாவைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு கோழிக்கு இறகு பிடுங்க உட்கார்ந்தேன், சமைத்தால் பிள்ளைகளாவது சாப்பிடட்டும் என்று. எனக்கு எங்கே தெரியும் அத்தான், அந்த மனிதர் கும்பிடாதது மட்டும் இல்லை, தம் கடிகாரத்தை ஜப்பான் உத்தரவுப்படி டோக்கியோ நேரத்துக்குத் திருப்பவும் இல்லை. ஊரெல்லாம் பதினொன்றரை, அவருக்குப் பத்து. சொன்ன நேரத்துக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறார்.

நான் சத்தம் கேட்டு வெளியே வந்தபோது கண்ட காட்சியை அக்காவுக்கு வாசிக்க வேண்டாம். ரோட்டில் பொன்னுதுரை ஐயாவின் சைக்கிள் கிடக்கிறது. அவர் முழு வளைவில் குனிந்து நிற்கிறார். பிறகு கோகிலா சொல்லித் தெரிந்துகொண்டேன்: திருப்பத்தில் திடீரென்று அதிகாரியைப் பார்த்ததும் இறங்கி லேசாகத் தலையை ஆட்டியிருக்கிறார். அதிகாரி அசையவில்லை. கொஞ்சம் குனிந்திருக்கிறார். அப்போதும் அசையவில்லை. கோபம் போலிருக்கிறது என்று பயந்து அடியோடு மடங்கியிருக்கிறார், மடங்கிய இடத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த வாதம் அன்றைக்கு நிஜமாகவே வந்துவிட்டது.

அவருக்கு நாலு அடி பின்னால் நிஜமான ஜப்பான் சிப்பாய் ஒருவன், கண்ணாடி போட்ட சின்னப் பையன், விறைத்து நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறான். ரோட்டோடு போனவன், தன் மேலதிகாரி முன்னால் ஒரு கிழவர் மடங்கிக் கிடப்பதைப் பார்த்தால் வேறு என்ன செய்வான். நான் பார்த்தது தொப்பி, வாள், சல்யூட், கும்பிடு. யோசிக்க நேரம் ஏது. இடுப்பில் துண்டு, கையில் பாதி இறகு பிடுங்கிய கோழி, அப்படியே மடங்கினேன். பாலத்தில் தினமும் பழகிய கும்பிடு, அழகாக, ஒரே வீச்சில் வந்தது. என் காக்கிச் சட்டைக்கு நானே கும்பிடு போட்டேன் அத்தான். ஐயா மடங்கிய நிலையிலேயே தலையை மட்டும் திருப்பி அதைப் பார்த்தார். இடுப்பு வாதக்காரன் போடுகிற கும்பிடா அது.

அந்த நேரம் ஒரு காக்கை வந்து அதிகாரியின் தொப்பி மேல் உட்கார்ந்தது. சிப்பாயின் கை மெல்ல இறங்கியது. கிட்டே வந்து சட்டியைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான். எனக்கு உயிர் போய்விட்டது. கன்னத்தில் விழும் அறையோடு முடிந்தால் முருகன் புண்ணியம், எல்லாரையும் லாரியில் ஏற்றிவிட்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்றுதான் நினைத்தேன். அப்போது சோளத்துக்குள்ளிருந்து கோகிலா எழுந்து வந்து, ஒழுங்காகக் கும்பிட்டு, "ககாஷி" என்றாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த ஜப்பான் வார்த்தையாம், கொல்லைப் பொம்மை என்று அர்த்தமாம். சிப்பாய் முகம் செக்கச் செவேல் என்று ஆயிற்று. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான், வேறு யாரும் இல்லை. தானும் சல்யூட் அடித்ததை எந்த மேலதிகாரியிடம் போய்ச் சொல்வான்? குடியானவன் வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும், தொங்கிக்கொண்டிருந்த பொம்மையின் கையை இழுத்துக் கட்டினான், வாளைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்துப் போட்டான், ஒரு சோளக்கதிரை ஒடித்துக்கொண்டான், எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

ஐயாவை நானும் ஜெயபாலனும் பிடித்து நிமிர்த்தினோம். விஜயா போய், "தாத்தா, அது பொம்மைதான், பயப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னாள். அதைவிட அவள் சும்மா இருந்திருக்கலாம். அவர் வீட்டுக்குள் வரவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெங்கேராவுக்கு நடந்தே போனார்.

நான் கோகிலாவைப் பிடித்து, ஏன் அம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "நீங்கதானே மாமா சொன்னீங்க, பாக்குறவங்க பயப்படணும்னு. ஊருல எல்லாரும் யாரைப் பாத்து பயப்படுறாங்களோ அவங்கள மாதிரி செஞ்சோம்" என்றாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். சிவகாமசுந்தரி இனி எனக்கு இல்லை. உங்கள் பிள்ளைகளின் விடுமுறை விளையாட்டில் என் கல்யாணம் போயிற்று. இனி ஒரு நாள்கூட என்னால் தாங்காது, இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வந்து மூன்று பேரையும் அழைத்துச் செல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் வீட்டில் அரிசிப் பானை காலியாகாமலும், கிணற்றில் தண்ணீர் வற்றாமலும், வாசலில் யாரும் வந்து பூட்ஸ் காலோடு நிற்காமலும் இருக்கத் தண்டாயுதபாணி அருள் புரிய வேண்டும்.

இப்படிக்கு,
கல்யாணம் ஆகாத, இனியும் ஆகப்போகாத உங்கள் மைத்துனன்,
விநாயகம்

பி.கு.: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். நல்லையா புறப்பட அரை நாள் தாமதம், அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பிள்ளைகளை அழைத்துப் போக வராதீர்கள். அடுத்த வாரம் தாம்பூலம் மாற்ற அக்காவோடு வாருங்கள்.

இன்று காலை பொன்னுதுரை ஐயா வந்தார், பின்வாசல் வழியாக. உட்கார்ந்தார். வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நேத்து நடந்ததை யார் யார் பாத்தாங்க?" என்று கேட்டார். நானும் பிள்ளைகளும்தான் என்றேன். "வெளியில போகுமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலா முந்திக்கொண்டாள். "எங்க வீட்டு ஆளுங்க விஷயம் எங்க வீட்டுலயே இருக்கும் தாத்தா. வெளி ஆளுங்க விஷயம்னா நாங்க சொல்லிடுவோம்" என்றாள்.

ஐயா அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆவணியிலேயே முகூர்த்தம் இருக்கு" என்றார். கோழிக் குழம்பு மிச்சம் இருந்தது, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது பொம்மையின் தொப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதே துணியில எனக்கு ஒரு கோர்ட்டு கால்சட்டை இருந்துச்சு. கொடியில காயப் போட்டது காணாம போச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவர் போனதும் விஜயாவை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தொப்பியைத் தைத்தது யார் என்று கேட்டேன். "கடற்கரை அக்கா. இனிமே அத்தைன்னு கூப்பிடணுமாம்" என்றாள். அப்பா ஒரே ஒரு தடவை குனிந்துவிட்டால் போதும், அப்புறம் எந்த மாப்பிள்ளையையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது என்று சொல்லித்தான் தைத்துக் கொடுத்தாளாம். எந்த மாப்பிள்ளை என்று கேட்டீர்களா என்றேன். "கேட்டோமே. கோயில்ல அவங்க சிரிச்சப்போ பின்னால திரும்பிப் பாத்தாரே, அந்த அசட்டு மாமான்னாங்க" என்றாள்.

என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள், அத்தான்.